நகரும் சூரியன், நடுங்கும் நிழல்: கேம் எஞ்சின்களில் பகல்–இரவு ஒளிப் பிழைகள்

கணினி வரைகலையில் நிழல் விழச்செய்ய இன்றும் அடிப்படையாக இருக்கும் இரண்டு வழிகளும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு பழையவை. ஃபிராங்க் க்ரோ 1977இல் ஷேடோ வால்யூம் முறையை முன்வைத்தார். அடுத்த ஆண்டே லான்ஸ் வில்லியம்ஸ் ஷேடோ மேப் முறையை வெளியிட்டார். அதன்பின் வன்பொருள் எத்தனையோ மடங்கு வேகம் கண்டுவிட்டது. ஆனாலும் திறந்த உலக விளையாட்டுகளில் பொழுது சாயும்போது நிழல்கள் நடுங்குகின்றன, விட்டுவிட்டுத் தாவுகின்றன. நள்ளிரவில் ஒரு வாளின் அலகில் நண்பகல் வானம் பளிச்சிடுகிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே போனபிறகும் தொலைவு மலைகள் அடியிலிருந்து ஒளிர்கின்றன. அசையாத ஒளியில் புகைப்படத்துக்கு நிகரான காட்சியைத் தரும் எஞ்சின்கள், சூரியனை நகர்த்தியதும் ஏன் தடுமாறுகின்றன?

இதற்கு மூன்று வகைப் பதில்கள் உலவுகின்றன. கணக்கிடும் சக்தி போதவில்லை, போதிய சக்தி வந்தால் பிழை தானே மறையும் என்பது ஒன்று. எஞ்சினில் குறையில்லை, சூரியனைச் சுழற்றும் நிரலையும் அமைப்புகளையும் சரியாக எழுதாததே காரணம் என்பது இன்னொன்று. மூன்றாவது பதில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை: ஒளியை விரைவாகக் கணக்கிடக் கண்டுபிடித்த உத்திகளில் பெரும்பாலானவை ‘ஒளி மாறாது’ என்ற அனுமானத்தின் மேல் எழுந்தவை, சூரியன் நகரும்போது அந்த அனுமானம் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக உடைகிறது. முதல் இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் தனித்தனியாகப் பட்டியலிடப்படும் பிழைகளை ஒருசேர விளக்குவது மூன்றாவதுதான் என்று இக்கட்டுரை கருதுகிறது.

சூரியனின் வேகம்

இயற்கையில் சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. விளையாட்டில் யாரும் 24 மணி நேரம் காத்திருக்கமாட்டார்கள் என்பதால் நாள் சுருக்கப்படுகிறது. ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் ஒரு நாள் 72 நிமிடம். ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’இல் 48 நிமிடம். ‘மைன்கிராஃப்ட்’டில் 20 நிமிடம். அதாவது இவற்றில் சூரியன் முறையே 20, 30, 72 மடங்கு வேகமாக ஓடுகிறது.

இந்தப் பெருக்கத்தின் விளைவு அந்தியில்தான் தெரியும். 10 மீட்டர் உயரச் சுவர் ஒன்று. சூரியன் அடிவானத்திலிருந்து 5 பாகை உயரத்தில் இருக்கிறது. நிழலின் நீளம் சுமார் 114 மீட்டர். சூரியன் செங்குத்தாக இறங்குவதாகக் கொண்டால், அந்தக் கணத்தில் நிழலின் நுனி உண்மை உலகில் வினாடிக்கு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நகரும். 48 நிமிட நாளில் அதே நுனி வினாடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது. 20 நிமிட நாளில் கிட்டத்தட்ட 7 மீட்டர். எந்த நிழல் முறையையும் எடைபோடும் முன் இந்தக் கணக்கை நினைவில் கொள்ள வேண்டும். இயற்கையில் மெல்ல ஊரும் ஒரு நகர்வை விளையாட்டு ஓட்டப்பந்தயமாக்கிவிடுகிறது. பிழை என்று சுட்டப்படுவனவற்றில் ஒரு பங்கு, வேகப்படுத்திய சூரியனின் சரியான விளைவே.

நிழல்: ஊர்வதா, தாவுவதா?

ஷேடோ மேப் முறையில், சூரியனின் இடத்திலிருந்து காட்சியைப் பார்த்து, ஒவ்வொரு திசையிலும் முதலில் தட்டுப்படும் பொருளின் தொலைவு ஒரு கட்டத்தாளில் குறித்துவைக்கப்படுகிறது. திரையில் தெரியும் ஒரு புள்ளி அந்தக் குறிப்பைவிடத் தொலைவில் இருந்தால் அது நிழலில் இருக்கிறது. கட்டங்களுக்கு அளவு உண்டு. நண்பகலில் தரையில் 5 சென்டிமீட்டரை மூடும் ஒரு கட்டம், சூரியன் 5 பாகைக்கு இறங்கும்போது ஒரு பக்கமாக 57 சென்டிமீட்டர் நீள்கிறது. பரப்பு தன் மேலேயே நிழல் விழுத்திக்கொண்டு வரிவரியாகக் கறுக்கும் பிழைக்கு ‘ஷேடோ ஆக்னி’ என்று பெயர். அதைத் தவிர்க்க, ஒப்பிடும் தொலைவில் ‘பயஸ்’ எனும் சிறு தள்ளுபடி கொடுப்பார்கள். தள்ளுபடி கூடினால் நிழல் பொருளின் அடியை விட்டுப் பிரிந்து, பொருள் மிதப்பதுபோல் தோன்றும். அதை ‘பீட்டர் பேனிங்’ என்பார்கள். எவ்வளவு தள்ளுபடி தேவை என்பது ஒளியின் சாய்வைப் பொறுத்தது. நண்பகலுக்குப் பார்த்துப் பார்த்து வைத்த மதிப்பு மாலையில் பொய்த்துப்போவது அதனால்தான்.

விரிந்த நிலப்பரப்புக்கு ஒரே மேப் போதாது. 2000களின் நடுப்பகுதியில், கேமராவுக்கு அருகே நுண்மையாகவும் தொலைவில் பருமனாகவும் பல மேப்களை அடுக்கும் ‘கேஸ்கேட்’ முறை பரவியது. கேமரா நகரும்போது நிழல் ஓரங்கள் மினுமினுக்கும் தொல்லை அதோடு வந்தது. மேப்பின் நகர்வை முழுக் கட்டங்களாக மட்டுமே அனுமதிப்பது அதற்கான மருந்து. கேமரா எங்கு போனாலும் கட்டத்தாள் உலகத்தோடு ஒட்டியே நிற்கும், ஓரங்கள் அசையாது.

ஆனால் ஒளியின் திசை மாறாதவரைதான் இந்த மருந்து வேலைசெய்யும். சூரியன் சுழன்றால் கட்டத்தாளும் சுழலும். எந்தப் புள்ளி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பது ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். நிழல் ஓரத்தில் பூச்சி ஊர்வதுபோல் தெரிவது இதுதான். சூரியனை விட்டுவிட்டு நகர்த்தினால் இடைப்பட்ட நேரத்தில் ஓரங்கள் அமைதியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு நகர்விலும் காட்சி முழுக்க நிழல்கள் ஒன்றாகத் தாவும். 2011இல் வந்த ‘ஸ்கைரிம்’ இரண்டாவது வழியை எடுத்தது. எவ்வளவு கோணம் மாறினால் நிழலைப் புதுப்பிப்பது, அந்த மாற்றத்தை எவ்வளவு நேரத்தில் செய்வது என்பதற்கு அதன் அமைப்புக் கோப்பில் தனித்தனி மதிப்புகள் உண்டு. ஆட்டக்காரர்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் மாற்றிப் பார்த்து வந்தார்கள். தாவலைக் குறைத்தால் ஊர்தல் கூடும், ஊர்தலைக் குறைத்தால் தாவல் கூடும். இரண்டும் இல்லாத மதிப்பு என்று ஒன்று இருக்க வாய்ப்பில்லை; அந்த அமைப்பு பிழையை நீக்குவதில்லை, எந்த வடிவில் காட்டுவது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

இதற்கு மாற்றாக மூன்று யோசனைகள் முன்வைக்கப்படுவதுண்டு. இரண்டு சூரிய நிலைகளுக்கான நிழல்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரையவிடலாம். செலவு இரட்டிக்கும், இடையில் ஒவ்வொரு கம்பத்துக்கும் இரண்டு வெளிறிய நிழல்கள் தெரியும். க்ரோவின் ஷேடோ வால்யூமுக்கே திரும்பலாம். ‘டூம் 3’ 2004இல் அதைப் பயன்படுத்தியது. அதில் கட்டத்தாளே இல்லாததால் ஓரம் ஊராது. ஆனால் தாழ்ந்த சூரியனில் நிழல் உருவங்கள் நிலம் முழுக்க நீண்டு, ஜிபியு நிரப்பவேண்டிய பரப்பு பெருகிவிடும். இருண்ட தாழ்வாரங்களுக்குப் பொருந்திய முறை புல்வெளிக்குப் பொருந்தவில்லை.

மூன்றாவது, நிழல் ஓரத்தை இயற்கையில் உள்ளபடி மென்மையாக்குவது. சூரியன் புள்ளி அல்ல, வானில் அரைப் பாகை அகலம் கொண்ட வட்டு. மேலே சொன்ன 10 மீட்டர் சுவரின் நிழல் நுனி உண்மையில் கோடாக இராது. சுமார் 12 மீட்டர் நீளத்துக்கு வெளிறிக் கரைந்திருக்கும். அவ்வளவு கரைந்த ஓரத்தில் ஊர்வதோ சிறு தாவலோ கண்ணில் படாது. ஒளியைத் தடுக்கும் பொருளின் (தடுப்பானின்) தொலைவுக்கேற்ப ஓரத்தை விரிக்கும் முறையை ராண்டிமா ஃபெர்னாண்டோ 2005இலேயே காட்டிவிட்டார். விரிந்த ஓரத்துக்கு நிறைய மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பதால் பலரும் இதில் சிக்கனம் பார்க்கிறார்கள். ஊர்தலின் மூலகாரணத்தைக் கட்டத்தாளில் மட்டுமே தேடுவது முழுமையானதல்ல. மாலை வெயிலில் கத்திபோல் கூர்மையான நிழல் விழுவதே முதல் பொய். ஊர்தல் அந்தப் பொய்யை அம்பலப்படுத்துகிறது.

சேமித்துவைத்த ஒளி

நேரடி வெயிலைவிடச் சிக்கலானது, சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் மறைமுக ஒளி. கார்னெல் பல்கலைக்கழகக் குழு 1984இல் வெளியிட்ட ‘ரேடியோசிட்டி’ முறை அதைக் கணக்கிடக் கற்றுத்தந்தது. ஆனால் அது ஓடும் ஆட்டத்தில் செய்யக்கூடிய கணக்கல்ல. 1996இல் வந்த ‘குவேக்’ ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டு, சுவர்களின் மேல் ‘லைட்மேப்’பாக ஒட்டிவைத்தது. அன்றிலிருந்து உட்புறக் காட்சிகளின் அழகுக்குப் பெரும்பாலும் இதுவே அடித்தளம். ஒட்டிவைத்த ஒளிக்கு நேரம் தெரியாது.

பல நேரங்களுக்குத் தனித்தனியாகக் கணக்கிட்டு வைப்பது முதல் மாற்றுவழி. ‘அசாசின்ஸ் கிரீட் 4: பிளாக் ஃபிளாக்’ (2013) உலகில் பரப்பிய ‘ப்ரோப்’ எனும் ஒளிப்பதிவுப் புள்ளிகளில் ஒரு நாளின் 8 நேரங்களுக்கான மறைமுக ஒளியைச் சேமித்து, இடைப்பட்ட நேரங்களை இரண்டையும் கலந்து பெற்றது. மறைமுக ஒளி இயல்பிலேயே மென்மையானது என்பதால் இந்தக் கலவை உறுத்துவதில்லை. இதையே நேரடி நிழலுக்குச் செய்ய முடியாது: 9 மணி நிழலையும் 12 மணி நிழலையும் கலந்தால் 10.30 மணி நிழல் கிடைக்காது. இரண்டு பாதி நிழல்கள்தான் கிடைக்கும். அடுத்த ஆண்டு வந்த ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ பாரிஸின் உட்புற ஒளியை மிக நுணுக்கமாகச் சேமித்தது. விலையாக, தொடர்ந்து ஓடும் பகல்–இரவையே கைவிட்டு, நிர்ணயித்த சில நேரங்களோடு நின்றுகொண்டது. பிழையைத் தவிர்க்கக் கேள்வியையே விலக்கிவிட்டார்கள். அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. அந்த நகரம் இன்றும் பேசப்படுவது அந்த ஒளிக்காகவும்தான்.

இரண்டாவது வழி இன்னும் ஆழமானது. ஒளியைச் சேமிக்காமல், ஒளி எந்த வழியாக எங்கே போகும் என்ற உறவை மட்டும் சேமிப்பது. பீட்டர்-பைக் ஸ்லோன், யான் கவுட்ஸ், ஜான் ஸ்னைடர் ஆகிய மூவரும் 2002இல் இதற்கு ஒரு கணித வடிவம் தந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ரவி ராமமூர்த்தியும் பேட் ஹன்ரஹானும், சூழலிலிருந்து ஒரு மந்தமான பரப்பின் மேல் விழும் ஒளியை வெறும் 9 எண்களால் போதிய துல்லியத்தோடு குறிக்கலாம் என்று காட்டியிருந்தது இதற்குத் துணைநின்றது. ‘பேட்டில்ஃபீல்ட் 3’ (2011) பயன்படுத்திய ‘என்லைட்டன்’ மென்பொருளும், ‘ஃபார் க்ரை 3’ (2012) ப்ரோப்களும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சூரியன் எங்கே இருந்தாலும் சேமித்த உறவோடு பெருக்கினால் போதும். குறை வேறிடத்தில் இருக்கிறது: கட்டடம் இடிந்தாலோ சுவர் நகர்ந்தாலோ சேமித்த உறவு பழையதாகிவிடும்.

இதே எண்ணத்தை ‘மைன்கிராஃப்ட்’ மிக எளிய வடிவில் செய்திருப்பது ஆய்வுகளில் அதிகம் கவனிக்கப்படுவதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் வான ஒளி, தீப்பந்தம் போன்றவற்றின் ஒளி என்று 0 முதல் 15 வரையிலான இரண்டு எண்கள் தனித்தனியே சேமிக்கப்படுகின்றன. வான ஒளி என்ற எண், வெளிச்சத்தைவிட அந்தக் கட்டம் வானத்துக்கு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையே சொல்கிறது. இருட்டும்போது அது மாறுவதில்லை. காட்சிக்கு வரும்போது நேரத்துக்கேற்பக் குறைத்துக்கொள்ளப்படுகிறது. 2011இன் பீட்டா 1.8 பதிப்புக்கு முன் இந்தக் குறைத்தல் உலகின் வரைவுக்குள்ளேயே கலந்திருந்ததால், பொழுது சாயும்போது உலகம் துண்டு துண்டாக இருண்டது. பிரித்ததும் அந்தப் பிழை போய்விட்டது. கூடுதல் கணிப்புச் சக்தியால் வந்த தீர்வல்ல இது. மாறுவதையும் மாறாததையும் ஒரே எண்ணில் குழப்பாமல் இருந்ததால் வந்தது.

மூன்றாவது வழி, எதையும் சேமிக்காமல் ஓட்டத்திலேயே கணக்கிடுவது. கிரைடெக் நிறுவனத்தின் ஆன்டன் கப்லான்யன் 2009இல் காட்டிய ஒளிப் பரவல் கட்டங்கள், சிரில் கிராசானும் குழுவும் 2011இல் காட்டிய வாக்செல் முறை, 2019இல் வந்த டிடிஜிஐ ப்ரோப் முறை எல்லாம் இந்த வரிசை. உண்மையில் இவையும் சேமிக்கின்றன. சேமித்ததை மெல்ல மறக்கின்றன, அவ்வளவுதான். டிடிஜிஐயில் ஒவ்வொரு ஃபிரேமிலும் பழைய மதிப்பின் பெரும்பகுதி தக்கவைக்கப்பட்டு, புதியது கொஞ்சம் கலக்கப்படுகிறது. பழையதில் 97 விழுக்காட்டைத் தக்கவைத்தால், வினாடிக்கு 60 ஃபிரேமில் புதிய ஒளி 90 விழுக்காடு வந்துசேர ஒன்றேகால் வினாடி ஆகும்.

இந்தத் தாமதமே பகல்–இரவுப் பிழைகளுக்குக் காரணம் என்று சொல்வதுண்டு. கணக்குப் போட்டால் அது அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. 48 நிமிட நாளில் ஒன்றேகால் வினாடிக்குள் சூரியன் நகர்வது 0.16 பாகை மட்டுமே; அதனால் யாருக்கும் வேறுபாடு தெரியாது. தாமதம் பிழையாவது நேரம் தாவும்போதுதான். கதாபாத்திரம் படுத்து எழுந்ததும் நள்ளிரவாகிவிடும், ஆனால் அறை முழுக்க மாலை வெளிச்சம் மிச்சமிருந்து மெல்லக் கரையும். சூரியனின் ஓட்டத்துக்கும் கடிகாரத்தின் தாவலுக்கும் ஒரே மறதி விகிதம் பொருந்தாது. தாவல் நடந்ததும் பழைய நினைவை முழுக்க அழிக்கச் சொல்லும் ஓர் அறிவிப்பு ஒளி அமைப்புக்குப் போயாக வேண்டும்.

வானம், அந்தி, கண்

வானத்தின் நிறத்துக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1999இல் பிரீதம், ஷர்லி, ஸ்மிட்ஸ் தந்த சூத்திரமும், 2012இல் ஹோசெக், வில்கி தந்த மேம்பட்ட வடிவமும் சூரியன் அடிவானத்துக்கு மேலே இருக்கும் வானத்துக்கானவை. சூரியன் கீழே இறங்கினால் அவற்றுக்குச் சொல்ல எதுவுமில்லை. எனவே அந்தி என்பது பல விளையாட்டுகளில் கையால் தீட்டிய இரண்டு நிறங்களின் கலவை. எரிக் புரூனெட்டோனும் ஃபேப்ரிஸ் நெய்ரேயும் 2008இல் காற்றுமண்டல ஒளிச்சிதறலை முன்கணித்து அட்டவணைகளாக்கினார்கள். எபிக் நிறுவனத்தின் செபாஸ்டியன் ஹிலேர் 2020இல் காட்டிய முறை அட்டவணைகளைச் சிறிதாக்கி, ஓடும்போதே புதுப்பிக்க வழிசெய்தது. அந்தி வானின் ஆழ்நீலத்துக்கு ஓசோன் ஒளியை உறிஞ்சுவது முக்கியக் காரணம் என்று ஹல்பர்ட் 1953இலேயே எழுதிவிட்டார். ஓசோனை விட்டுவிட்ட பழைய விளையாட்டு வானங்கள் மஞ்சள் பாய்ந்து நிற்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

வெளிச்சத்தின் வீச்சு இன்னொரு தொல்லை. உச்சிவெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். முழுநிலவு கால் லக்ஸ். திரையோ 8 பிட் நிறத்தில் 256 படிகள் கொண்டது. இடையில் தானியங்கி எக்ஸ்போஷர் கண்ணின் வேலையைச் செய்கிறது. இரவில் அது பிம்பத்தை அளவுக்கு மீறித் தூக்கினால் இரவு வெளிறிய பகலாகிவிடும். தூக்காவிட்டால் வானில் பட்டைகள் தெரியும். பட்டைகளுக்கு மெல்லிய இரைச்சல் தூவும் பழைய வைத்தியம் போதும்.

கைமாறும் நேரம்

ஒளிப் பிழைகளில் எளியவை, ஆனால் அதிகம் புலம்பவைப்பவை, சூரியனும் நிலவும் கைமாறும் நேரத்தவை. யூனிட்டி எஞ்சினின் (மேலே சொன்ன விளையாட்டு அல்ல) எச்டிஆர்பி எனும் வரைவு அமைப்பில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு திசை ஒளிதான் நிழல் விழுத்தும். அதன் இன்னொரு வரைவு அமைப்பான யுஆர்பியில் எது சூரியன் என்று குறித்துச் சொல்லாவிட்டால், இருப்பதில் பிரகாசமான திசை ஒளியை எஞ்சின் முதன்மையாக எடுத்துக்கொள்ளும். சூரியனின் அளவைக் குறைத்து நிலவின் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தால், இரண்டும் சமமாகும் கணத்தில் நிழல்கள் திசை மாறிக் குதிக்கும். முழுநிலவு சூரியனுக்கு நேரெதிரே உதிப்பதால் குதிப்பு 180 பாகை. இயற்கையில் இந்த மாற்றத்தை அந்தியின் நிழலற்ற நெடுநேரம் மறைத்துவிடுகிறது. 48 நிமிட நாளில் செங்குத்தாக இறங்கும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகை செல்ல 48 வினாடிதான் ஆகும். அதற்குள் ஒன்றை முழுக்க அணைத்து மற்றொன்றை ஏற்றியாக வேண்டும்.

அணைக்க மறந்தால் வேறொன்று நடக்கும். எஞ்சினுக்கு அடிவானம் என்று ஒன்று இல்லை. கீழே போன சூரியன் கீழிருந்து மேல்நோக்கி ஒளிவீசும். நிலப்பரப்பு பெரும்பாலும் ஒருபக்கத் தோல். பின்புறத்திலிருந்து வரும் ஒளியை அது மறைக்காமல் போகலாம். மறைத்தாலும், நிழல் கணக்கிடும் தூர எல்லைக்கு அப்பால் மறைப்பும் இல்லை. தொலைவு மலைகள் நள்ளிரவில் ஒளிர்வது இப்படித்தான்.

நண்பகலில் வரும் குதிப்பு தனி ரகம். சூரியனின் சாய்வை யூனிட்டியின் ஆய்லர் கோணமாக (சுழற்சியைக் குறிக்கும் மூன்று எண்கள்) படித்து அதோடு கூட்டிக்கொண்டே போனால், 90 பாகையைத் தாண்டியதும் அதே திசை வேறு மூன்று எண்களாகத் திரும்பி வரும். சூரியன் உச்சியில் சிக்கித் துடிக்கும். வாளின் அலகில் தெரியும் நண்பகல் வானமும் இந்த வகையே. பிரதிபலிப்பு ப்ரோப் ஒருமுறை எடுக்கப்பட்டு அப்படியே விடப்பட்டது. ஓட்டத்தில் புதுப்பித்தாலும், யூனிட்டியில் தவணை முறையைத் தேர்ந்தால் அது 9 அல்லது 14 ஃபிரேம்களுக்குப் பிரித்துத்தான் முடியும். இவற்றைப் பொறுத்தவரை, தவறு அமைப்புகளில்தான் என்னும் இரண்டாவது பதில் முழுக்கச் சரி.

நேரத்தைச் சேமிக்கும் எண்ணிலும் ஒரு பொறி இருக்கிறது. 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணில் வினாடிகளைக் கூட்டிக்கொண்டே போகும் சர்வரில், 60 ஃபிரேம் வேகத்தில், 2,62,144 வினாடியைத் தாண்டியதும் (சுமார் 3 நாள்) ஒவ்வொரு கூட்டலும் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டு, பொழுது ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் ஓடும். அந்த எண் 6 நாளைக் கடந்தால் கூட்டலே ஏறாது, சூரியன் நின்றுவிடும்.

கதிர்த்தடம் தீர்த்துவிட்டதா?

2018இல் கதிர்த்தட (ரே டிரேசிங்) வன்பொருள் வந்தபின் முதல் பதிலுக்கு, அதாவது சக்தி வந்தால் பிழை மறையும் என்பதற்கு, ஆதரவு கூடியது. ‘மெட்ரோ எக்ஸோடஸ்’ விளையாட்டின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு கதிர்த்தடம் கட்டாயம் என்ற நிலைக்கே போனது. ஏப்ரல் 2022இல் வந்த, எபிக்கின் அன்ரியல் எஞ்சின் 5, ‘லூமென்’ மறைமுக ஒளியையும் விர்ச்சுவல் ஷேடோ மேப்பையும் கொண்டுவந்தது. கட்டங்கள் மிக நுண்மையாகிவிட்டதால் ஊர்தல் பெருமளவு அடங்கியது. அந்த அளவில் முதல் பதில் மெய்ப்பட்டது.

ஆனால் விர்ச்சுவல் ஷேடோ மேப்பின் சிக்கனம், மாறாத பக்கங்களை அடுத்த ஃபிரேமுக்கும் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. சூரியன் நகர்ந்தால் அதன் பக்கங்கள் அத்தனையும் செல்லாதவையாகின்றன. எனவே சூரியனை விட்டுவிட்டு நகர்த்தும் பழைய ‘ஸ்கைரிம்’ பேரம் இங்கே வேகத்துக்காக மீண்டும் மேசைக்கு வருகிறது. லூமெனிலும் பரப்பு ஒளி சேமிக்கப்பட்டுத் தவணையில் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பிக்கும் வேகத்துக்கு எபிக் தனி அமைப்புகளே வைத்திருக்கிறது. சக்தி கூடக்கூட ‘ஒளி மாறாது’ என்ற அனுமானம் ஒழிந்துவிடவில்லை; வேறு அடுக்குக்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

திறந்திருக்கும் கேள்விகள்

ஒரே ஃபிரேமில் நேரடி நிழல் இந்தக் கணத்தைக் காட்டுகிறது, பிரதிபலிப்பு கால் வினாடி பழையது, மறைமுக ஒளி ஒரு வினாடி பழையது, எக்ஸ்போஷர் இன்னும் பின்னால் வருகிறது. இந்த இடைவெளிகள் எவ்வளவு இருந்தால் கண் பொறுக்கும் என்பதற்கு விளையாட்டுத் துறையில் பொதுவான அளவுகோல் நிலைபெற்றதாகத் தெரியவில்லை. அசையாத படத்தின் பிழையை அளக்க, முழுமையாகக் கணக்கிட்ட படத்தோடு ஒப்பிடலாம். காலத்தில் பரவிய பிழைக்கு அது போதாது: ஒவ்வொரு ஃபிரேமும் சரிக்கு அருகில் இருந்தும் ஓட்டம் தவறாகத் தெரியலாம். ‘ஸ்கைரிம்’ நிழல் அதற்குச் சான்று: எந்த ஒரு படத்தை நிறுத்திப் பார்த்தாலும் அந்தத் தாவல் தெரியாது.

சூரியனின் வேகத்தை ஏன் சீராக வைக்க வேண்டும் என்பதும் தீராத கேள்வி. நிழல் ஓடும் தாழ்வான கோணங்களில் மெதுவாகவும் உச்சியில் வேகமாகவும் நகரவிட்டால் பல பிழைகள் தணியும். ஆனால் கடிகாரத்தையும் கடைத்தெரு மனிதர்களின் அன்றாடத்தையும் அதே சூரியனோடு கட்டிவைத்த விளையாட்டுகளில் அது வடிவமைப்புச் சிக்கலாகிறது. பலர் சேர்ந்து ஆடும் சர்வரில் இன்னும் இறுக்கம்.

நுட்ப அளவில், இரைச்சல் நீக்கும் முறைகளே அடுத்த முட்டுக்கட்டையாகத் தெரிகின்றன. கதிர்த்தடத்தின் சில மாதிரிகளை முழுப் படமாக்க, முந்தைய ஃபிரேம்கள் நகர்வு திசையன்களின் வழியே இழுத்து வரப்படுகின்றன. அந்தத் திசையன் பொருள் எங்கே நகர்ந்தது என்று சொல்லும். அசையாத தரையின் மேல் நிழல் நகர்ந்ததைச் சொல்லாது. நிழலுக்கும் பளபளப்புக்கும் தனித் திசையன் கணக்கிடும் முயற்சிகள் 2021 முதல் வெளிவந்துள்ளன. ஒரு தடுப்பானும் ஒரு சமதளமும் இருக்கும் இடத்தில் அவை நன்றாகவே பின்தொடர்கின்றன. ஆயிரம் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று நிழல் விழுத்தும் காட்டில், மாலை 5 பாகைச் சூரியனில், எந்த இலையின் நகர்வைப் பின்தொடர்வது என்பதற்கு இன்னும் தெளிவான விடை இல்லை.